திருடன் பிறக்கிறானா? – குற்றவியல் சொல்லும் பதில்

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு வீடு. பி.ஏ. முடித்த மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த தகப்பனார் எட்டிப் பார்க்கிறார்.

"என்ன படிப்பும்மா இது?"

"குற்றவியல்ப்பா."

"அப்படின்னா?"

"குற்றம் ஏன் நடக்குது, அதை எப்படித் தடுக்கலாம்னு படிக்கதுப்பா."

தகப்பனாரின் முகம் மாறுகிறது. "போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காம இத்தனை வருஷத்தைத் தள்ளியாச்சு. தாராவின்னாலே ஒரு மாதிரிப் பாக்கான். நீ வேற கள்ளப் பயலுவளப் பத்திப் படிக்கப் போறியாக்கும்?"

இது ஒரு வீட்டோடு நிற்கிற பேச்சு அல்ல. வேலைக்கு மனுப் போடும்போது 'தாராவி' என்று எழுதத் தயங்கி, 'சயான்' என்றோ 'மாகிம்' என்றோ விலாசம் எழுதுகிற இளைஞர்கள் எத்தனையோ பேர்! விலாசத்தைப் பார்த்தே ஒருவனை எடை போடும் வழக்கம் அவர்களுக்குத் தெரியும்.

விலாசத்தைப் பார்த்து ஒருவனுடைய குணத்தைச் சொல்லிவிட முடியுமா? சாதியைப் பார்த்து? முகத்தைப் பார்த்து? இந்தக் கேள்விகளுக்குத்தான் குற்றவியல் என்ற படிப்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறது. நடுவில் அது தவறான விடையும் சொன்னது. பிறகு தானே அதைத் திருத்திக்கொண்டது. அந்தக் கதையில் நம் மக்களுக்கும் பங்கு உண்டு.

சட்டம் வேறு, குற்றவியல் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சட்டக் கல்லூரியில் படிப்பது எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பது. ரத்தக் கறை, கைரேகை, துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றைச் சோதித்துத் துப்புக் கண்டுபிடிப்பது தடய அறிவியல். குற்றவியல் கேட்கும் கேள்வியே வேறு. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் மட்டும் ஏன் குற்றத்தில் விழுந்தான்? கடுமையான தண்டனை குற்றத்தைக் குறைக்கிறதா? ஜெயிலுக்குப் போனவன் திருந்தி வருகிறானா, கெட்டு வருகிறானா? குற்றத்தால் அடிபட்டவனுக்கு என்ன வழி?

இதற்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் இத்தாலி நாட்டின் பெக்காரியா. 1764-ல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். சித்திரவதையும் கொடிய தண்டனைகளும் நடைமுறையில் இருந்த காலம் அது. தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, அது தவறாமல் கிடைக்குமா என்பதே மனிதனைத் தடுக்கிறது என்றார் அவர். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைப்பவனுக்குத் தூக்கு மரமும் பயம் காட்டாது. இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் இந்தக் கருத்துக்கு மதிப்புக் குறையவில்லை.

'குற்றவியல்' என்ற பெயரை 1885-ல் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தவர் கரோஃபாலோ. இவரும் இத்தாலியரே.

மண்டை ஓட்டை அளந்த டாக்டர்

அதே நாட்டில் லோம்ப்ரோசோ என்று ஒரு டாக்டர். கைதிகளின் மண்டை ஓடு, தாடை, காது ஆகியவற்றை அளந்து பார்த்தார். 1876-ல் அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவையே கலக்கியது. குற்றவாளி பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறான், அவன் ஆதி மனிதனின் மிச்சம், உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் வாதம்.

சினிமாவில் வில்லனுக்குக் கன்னத்தில் தழும்பும் சிவந்த கண்ணும் வைக்கிறார்களே, அதற்கு டாக்டர் பட்டத்தோடு ஒருவர் ஆதரவு கொடுத்தது போல ஆயிற்று!

இங்கிலாந்தில் ஜெயில் டாக்டராக இருந்த சார்லஸ் கோரிங் இதைச் சோதித்துப் பார்த்தார். சுமார் 3,000 கைதிகளை அளந்து, அந்த அளவுகளைக் கல்லூரி மாணவர்கள், ராணுவ வீரர்கள் போன்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். 1913-ல் முடிவு வெளிவந்தது. குற்றவாளிக்கென்று தனி முக அமைப்பு எதுவும் இல்லை! லோம்ப்ரோசோவின் வாதம் அத்துடன் ஆட்டம் கண்டது.

ஆனால் அதற்குள் 'பிறவிக் குற்றவாளி' என்ற எண்ணம் நம் நாட்டில் சட்டப் புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

கைரேகைச் சட்டம்

1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதற்கு லோம்ப்ரோசோவின் புத்தகம் காரணம் அல்ல. புத்தகம் பிறகுதான் வந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடனாவான் என்று சாதி முறையைத் தவறாகப் படித்த அதிகாரிகளின் மூளையில் உதித்தது இது. முதலில் வட இந்தியாவில் அமலாயிற்று. 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்கள், குறவர்கள் உள்ளிட்ட பல சமூகங்கள் இந்தச் சட்டத்தில் சிக்கின. ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தால் போதும். கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீசாரிடம் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஊர் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'கைரேகைச் சட்டம்' அல்லது 'ரேகைச் சட்டம்'.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர். கைரேகை பதிய மாட்டோம் என்று ஊர் மக்கள் மறுத்து நின்றார்கள். போலீசார் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இன்று அந்த ஊரில் நினைவுத் தூண் நிற்கிறது.

மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். கேரளத்தில் பிறந்த அவரை 'ரோசாப்பூ துரை' என்று கள்ளர் நாட்டு மக்கள் பாசத்தோடு அழைத்தார்கள். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் மற்றத் தலைவர்களும் இயக்கம் நடத்தினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ரத்தாயிற்று. 1952 ஆகஸ்டு 31-ல் நாடு முழுவதும் ஒழிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் வேதனையும் உண்டு. கைரேகையை வைத்து ஒரு தனி மனிதனை அடையாளம் காணும் முறைக்கு உலகிலேயே முதல் அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில்தான் திறக்கப்பட்டது. அதற்கு மூளையாக இருந்தவர்களில் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் முக்கியமானவர்கள். ஆயிரம் பேரில் குற்றம் செய்த ஒருவனை மட்டும் பிரித்துக் காட்டத்தான் கைரேகை. அதே கைரேகையை ஒரு சமூகம் முழுவதற்கும் குற்ற முத்திரை குத்தப் பயன்படுத்தினார்கள்!

சட்டம் போனாலும் முத்திரை எளிதில் போகவில்லை. 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. ஜெயிலில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், பழைய குற்றப் பரம்பரைச் சமூகத்தாரைப் 'பழக்கக் குற்றவாளிகள்' என்று ஜெயில் விதிகளில் குறிப்பதும் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர் சுகன்யா சாந்தா என்ற பெண் பத்திரிகையாளர். ஜெயில்களில் சாதி எப்படி நடமாடுகிறது என்று எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

சிகாகோ காட்டிய உண்மை

பிறவி காரணம் இல்லை என்றால் வேறு எது காரணம்? இதற்கு ஒரு பெரிய விடை அமெரிக்காவின் சிகாகோ நகரில் கிடைத்தது. அந்த நகரமும் மும்பையைப் போலப் பிழைக்க வந்தவர்களால் நிறைந்த நகரம்தான்.

கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளின் கோர்ட்டு ஏடுகளைப் புரட்டினார்கள். வழக்கில் சிக்கிய சிறுவர்களின் வீடு எங்கெங்கே இருந்தது என்று நகர வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். 1942-ல் புத்தகம் வந்தது.

நகரின் நடுவே தொழிற்சாலைகளை ஒட்டிய நெருக்கடியான பகுதிகளில் புள்ளிகள் அதிகம். அந்தப் பகுதிகளில் முதலில் ஜெர்மானியர்களும் அயர்லாந்துக்காரர்களும் குடியிருந்தார்கள். வசதி வந்ததும் அவர்கள் வெளியேறினார்கள். அடுத்து இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். பிறகு கறுப்பர்கள் வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள்; புள்ளிகளோ அதே இடத்தில் நின்றன! நல்ல பகுதிக்குக் குடிபோன ஜெர்மானியர்களின் பிள்ளைகளிடம் வழக்குகள் குறைந்தன.

இதற்கு என்ன அர்த்தம்? குற்றம் ஒரு இனத்தின் ரத்தத்தில் ஓடுவது அல்ல. நெருக்கடி, வறுமை, அடிக்கடி ஆள் மாறும் குடியிருப்பு, பிள்ளைகளைக் கண்காணிக்க நேரம் இல்லாத பெற்றோர், நல்ல வழி காட்ட ஆள் இல்லாத தெரு ஆகியவை சேர்ந்த இடத்தில் எந்த இனத்தை வைத்தாலும் தொல்லை தலையெடுக்கும். பிறகு வந்தவர்கள் இதில் சில குறைகளையும் காட்டினார்கள். போலீசார் எந்தப் பகுதியில் அதிகம் சுற்றுகிறார்களோ, அங்கேதான் வழக்கும் அதிகம் பதிவாகும் என்றார்கள். அதுவும் உண்மையே.

சாராயமும் தங்கமும்

இனி மும்பைக்கு வருவோம். 1970, 80-களில் மாட்டுங்கா, சயான்-கோலிவாடா, தாராவி வட்டாரத்தில் வரதராஜ முதலியார் பெயர் பிரபலம். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட பிள்ளையார் பந்தலை இன்றும் முதியவர்கள் பேசுவார்கள். கடத்தல் என்றால் ஹாஜி மஸ்தான் பெயர். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இதை வைத்து 'மதராசி' என்றாலே தாதா என்று பேசியவர்களும் உண்டு.

குற்றவியல் படித்தவர் இதை வேறு மாதிரி பார்ப்பார். கள்ளச் சாராயம் ஏன் இவ்வளவு பெரிய தொழில் ஆயிற்று? 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிப்பவர்கள் ஒரே நாளில் குடியை விட்டுவிடவில்லை. நேர் வழியில் கிடைக்காத சரக்குக்குக் குறுக்கு வழியில் சந்தை பிறந்தது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம் ஊறல் போட வசதியாக இருந்தது. வேலை கிடைக்காத பிள்ளைகள் சரக்குச் சுமக்கக் கிடைத்தார்கள்.

தங்கமும் அப்படித்தான். இறக்குமதிக்குக் கெடுபிடி, 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஆனால் கல்யாண வீட்டில் தங்கத்தின் தேவை குறையவில்லை. கடத்தல்காரன் கொழுத்தான். 1990-ல் அந்தச் சட்டம் எடுபட்டது. பிறகு இறக்குமதியும் தளர்த்தப்பட்டது. பழைய தங்கக் கடத்தலின் மவுசு இறங்கியது. எந்தத் தாதாவின் ரத்தமும் மாறவில்லை. மாறியது சட்டமும் சந்தையும்தான்!

இதனால் குற்றம் செய்தவன் மேல் தப்பில்லை என்று ஆகாது. அதே தாராவியில் தோல் பதனிட்டும், இட்லி விற்றும், தையல் தைத்தும் நேர்மையாக வாழ்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். சூழ்நிலை ஒருவனைத் தள்ளலாம், எல்லாரையும் தள்ளிவிடுவதில்லை. ஏன் எல்லாரையும் தள்ளவில்லை என்பதும் குற்றவியலின் கேள்விதான்.

கோட்டுப் போட்ட குற்றம்

குடிசைப் பகுதியில் மட்டும்தான் குற்றம் நடக்கிறதா? 1939-ல் அமெரிக்கப் பேராசிரியர் சதர்லாண்டு இந்தக் கேள்வியைக் கேட்டார். 1949-ல் வந்த அவர் புத்தகம் 70 பெரிய கம்பெனிகளை ஆராய்ந்தது. சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வாங்காத கம்பெனி ஒன்றுகூட அதில் இல்லை! அலுவலகத்தில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து செய்யும் குற்றத்துக்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

மும்பை இதற்கும் சாட்சி. 1992-ல் ஹர்ஷத் மேத்தா பெயரோடு வெடித்த பங்குப் பத்திர ஊழலில் சிக்கிய தொகை நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் கமிட்டி கணக்கிட்டது. எத்தனை ஆயிரம் ஜேப்படிக்காரர்கள் எத்தனை காலம் உழைத்தால் இந்தத் தொகை சேரும்?

கணக்கில் வராதது

குற்றக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது என்று குற்றவியல் கற்பிக்கிறது. லோக்கல் ரெயிலில் ஒருவருடைய செல்போன் திருட்டுப் போகிறது. அவர் புகார் கொடுக்காவிட்டால் கணக்கில் வராது. 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தாலும் திருட்டுக் கணக்கில் வராது. திருட்டு என்றே வழக்குப் பதிவானால்தான் கணக்கில் ஏறும். ஆகவே ஒரு வருடம் வழக்குகள் கூடியிருந்தால் திருட்டு கூடியது என்றும் கொள்ளலாம். ஒழுங்காகப் பதிவு செய்தார்கள் என்றும் கொள்ளலாம். வீட்டுக்குள் பெண்கள் படும் அடி உதை பெரும்பாலும் கணக்குக்கே வருவதில்லை.

ஜெயிலுக்குள் யார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேர் இன்னும் தீர்ப்புக் கிடைக்காதவர்கள்! ஜாமீன் கிடைத்தும் ஆள் பிணை கொடுக்க வழியில்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. ஊரை விட்டுப் பிழைக்க வந்தவனுக்கு ரேஷன் கார்டோடு வந்து பிணை நிற்க யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் கேட்கலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. தொலைபேசி எண் 15100. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவும் முக்கியமானது. முதல் தடவையாக வழக்கில் சிக்கிய விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் விடுதலைக்கு வழி உண்டு. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

தேவனாரில் ஒரு கல்விக்கூடம்

இந்தப் படிப்புக்கு மும்பைத் தமிழர்கள் தூரம் போக வேண்டியதில்லை. செம்பூரை அடுத்த தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1936-ல் நாக்பாடாவில் சிறு பள்ளியாகத் தொடங்கி, 1954-ல் தேவனாருக்கு வந்தது. 1940-களில் அதன் இயக்குநராக இருந்தவர் தஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.எம். குமரப்பா. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். சமூகப் பணிப் படிப்போடு சேர்த்துக் குற்றவியல் அங்கே பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது.

படிப்பு வகுப்பறையோடு நிற்பதில்லை. 1984-ல் மும்பை போலீஸ் தலைமை அலுவலகத்திலேயே பெண்களுக்கான சிறப்பு உதவிப் பிரிவை இந்த நிறுவனம் தொடங்கியது. 1990-ல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டம் ஜெயிலில் உள்ளவர்களுக்கும், வெளியே வந்து வேலை இல்லாமல் தவிப்பவர்களுக்கும் கை கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் தனித் துறை உண்டு. நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்திலும் உண்டு. அங்கே துணைவேந்தராக இருந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைப் பற்றிய படிப்பை இந்தியாவில் வளர்த்தவர்களில் முன்னோடி. குற்றவாளிக்கு வக்கீல் உண்டு, சர்க்காருக்கு வக்கீல் உண்டு, அடிபட்டவனுக்கு யார் என்று கேட்கும் படிப்பு அது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2008-ல் சட்டம் திருத்தப்பட்டதும் அந்த வழியில் வந்ததே.

படித்தால் என்ன வேலை? நன்னடத்தை அதிகாரி, ஜெயில் நல அதிகாரி, சிறுவர் இல்ல ஆலோசகர், தொண்டு நிறுவன ஊழியர், ஆராய்ச்சியாளர், கல்லூரி ஆசிரியர் என்று பல வழிகள். எந்தப் பட்டதாரியையும் போலப் போலீஸ், ஜெயில் துறைத் தேர்வுகளும் எழுதலாம். பணம் கொட்டும் படிப்பு என்று சொல்வதற்கில்லை. சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து மனுப் போட வேண்டும்.

இத்தனை காலமும் அதிகாரிகளும் வெளியாரும் நம் மக்களைப் பார்த்து, அளந்து, பதிவேட்டில் எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் எது சரி, எது தவறு என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டிலிருந்தே வர வேண்டாமா?

தாராவித் தகப்பனார் கடைசியில் கேட்டார்: "இதைப் படிச்சா தாராவிக்காரன் எல்லாம் திருடன் இல்லன்னு சொல்லிருவியாம்மா?"

"சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. கணக்கோட காட்டணும். அதுக்குத்தான் படிக்கேன்."

விண்ணப்பத்தில் விலாசம் எழுதும் இடம் வந்தது. அவள் 'தாராவி' என்றே எழுதினாள்.